தாய்க்கண்

மார்கழியில் கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். வங்காளிகளுக்கு அதே மாதம் பௌஷ். அவர்களும் எடுக்க மாட்டார்கள். ஆனால் மகளுக்கு அலுவலகத்தில் விடுமுறை கிடைத்தது அந்த மாதத்தில்தான். அதனால் நாங்கள் சம்பந்தி வீடு பார்க்கப் போகவில்லை, ஊர் பார்க்கப் போகிறோம் என்று வைத்துக்கொண்டோம். பிஷ்ணுபூர் பழைய ஊர், ராஜாக்கள் ஆண்ட ஊர், செங்கல் கோயில்களுக்கும் கடைத்தெருவுக்கும் பேர் போன ஊர். குளிர்காலம் வந்தால் கொல்கத்தாவிலிருந்து கூட்டம் கூட்டமாக அங்கே போவார்கள். அந்தக் கூட்டத்தில் நாங்களும் சேர்ந்துகொள்வோம், மத்தியானம் தெரிந்தவர் வீட்டில் ஒரு வாய் சாப்பிடுவோம். இதுதான் மகள் போட்ட திட்டம். சாஸ்திரத்தை மீறாமலே அதை ஏய்ப்பதில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகிக் கொல்கத்தா வந்தபோது மகளுக்கு நாலு வயது. சீக்கிரம் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தோம். அவர் ஓய்வு பெற்றும் ஆயிற்று, நாங்கள் இன்னும் ஜாதவ்பூர் ஃப்ளாட்டில்தான் இருக்கிறோம். மகளுக்குத் தமிழ் என்னோடு சண்டை போட மட்டும். சிரிப்பது, அழுவது, தூக்கத்தில் உளறுவது எல்லாம் வங்காளத்தில். அப்படிப்பட்டவள் ஒரு வங்காளிப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? கல்லூரியில் பாடம் எடுக்கிற பையன். ஒல்லி, கண்ணாடி, மெதுவான பேச்சு. என் ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டான். எனக்கு அன்றைக்கே பிடித்துவிட்டது. காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

நான் போட்டது ஒரே ஒரு நிபந்தனை. அவர்கள் முறையில் எது வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும், எங்கள் முறையிலும் தாலி கட்ட வேண்டும், நான் தாரை வார்க்க வேண்டும். பெண்ணின் கையைப் பிடித்து அப்பா மாப்பிள்ளை கையில் வைக்க, அந்தக் கைகளின் மேல் அம்மா தண்ணீர் ஊற்றுவாள். கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவளுக்கு ஓய்வே கிடையாது. சமையல்காரரிடம் கத்த வேண்டும், வந்தவர்களுக்கு இலை பார்க்க வேண்டும், யாராவது கோபித்துக்கொண்டால் போய்ச் சமாதானம் பேச வேண்டும். அந்தத் தண்ணீர் ஊற்றுகிற நேரம் மட்டும்தான் அவளுடையது. எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. அந்த நேரம் எனக்கு ஒரே ஒரு முறைதான் வரும்.

ஹவுராவில் காலை ரயில் பிடித்தோம். மிட்னாப்பூர் தாண்டியதும் மண் சிவக்க ஆரம்பித்தது. சால் மரக் காடும், நடுநடுவே உருளைக்கிழங்கு வயலும், மஞ்சளாகப் பூத்த கடுகும் ஜன்னலில் போய்க்கொண்டே இருந்தன. இவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெளியே பார்த்தார்.

"ஏளா, இந்த மண்ணப் பாத்தியா? நம்ம தேரி மண்ணு மாதிரில்லா இருக்கு."

"தேரியில உருளைக்கிழங்கா வெளையுது? சும்மா வாங்க."

அப்படிச் சொன்னேனே தவிர எனக்கும் தேரிதான் ஞாபகம் வந்தது. திருச்செந்தூர் போகிற வழியில் இந்தச் சிவப்பைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள் நான். கொல்கத்தாவின் சேற்று மண்ணில் இத்தனை வருடம் காலம் தள்ளியவளுக்கு அந்த நிறத்தைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்டேஷனுக்குப் பையன் வந்திருந்தான். ஒரு டோட்டோவில், அதாவது பேட்டரி ரிக்‌ஷாவில், எங்களை ஏற்றிக்கொண்டு நேராகக் கடைத்தெருவுக்குப் போனான். அவன் அப்பாவுக்கு அங்கே சங்கு வளையல் கடை. கல்யாணமான வங்காளிப் பெண்கள் போடுகிற வெள்ளை வளையல் சங்கை அறுத்துச் செய்வதுதான். ராஜாக்கள் காலத்திலிருந்தே அந்தத் தெருவில் அந்த வியாபாரம்தான் என்றான். தெரு அப்படியொன்றும் அகலமில்லை. டோட்டோவும் சைக்கிளும் ஒரு மாடும் எதிரெதிரே வந்துவிட்டால் மாடுதான் முதலில் போகும். பித்தளைப் பாத்திரக் கடை, பட்டுப் புடவைக் கடை, மோத்திச்சூர் லட்டு விற்கிற கடை, மொபைல் ரீசார்ஜ் கடை எல்லாம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. பழைய ஊர் என்றால் அமைதியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். சந்தைக்கென்றே பிறந்த ஊர் அது, இன்னும் விலை பேசிக்கொண்டுதான் இருக்கிறது.

பையனின் அப்பா பருமனான மனிதர். கடை நிறையப் பெண்கள் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஒருத்தியின் கையில் சோப்புத் தண்ணீர் தடவி வளையலை ஏற்றிக்கொண்டே எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். முடித்துவிட்டு வந்து கும்பிட்டார். மதராஸா என்று கேட்டார். இவர் வழக்கம்போலத் தூத்துக்குடி என்றார். யாருக்கும் புரியாது என்று தெரிந்தாலும் மதராஸ் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். அந்த மனிதர் ஒரு நிமிடம் யோசித்தார். உள்ளே போய் ஒரு முழுச் சங்கைக் கொண்டுவந்து இவர் கையில் வைத்தார்.

"தித்குட்டி?"

அவர்கள் சங்கு வகைகளில் உசத்தியானதற்குப் பரம்பரையாக அதுதான் பெயராம், தூத்துக்குடி அவர்கள் வாயில் அப்படி ஆகியிருக்கிறது. எங்கள் கடலில் முக்குளித்து எடுத்த சங்குதான் காலங்காலமாகப் படகேறியும் வண்டியேறியும் இந்தத் தெருவுக்கு வந்திருக்கிறது. பெயர் வந்தது, ஊரைப் பற்றிய சேதி வரவில்லை. அப்படியொரு ஊர் இருக்கிறது, அதில் மனிதர்களும் இருக்கிறார்கள் என்று அவர் இத்தனை நாள் நினைத்ததேயில்லை என்றார். பக்கத்துக் கடைக்காரர்களைக் கூப்பிட்டு எங்களைக் காட்டினார். அவர்களும் வேலையை விட்டுவிட்டு வந்து தித்குட்டி மனிதர்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இவருக்குப் பெருமை தாங்கவில்லை. நான் மட்டும் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் சங்கு ஊதினால் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம். இவர்கள் கல்யாணத்துக்கு ஊதுகிறார்கள். ஒரே சங்குதான், இரண்டு ஊர்க்காரர்களும் அவரவருக்குத் தோன்றியதைச் செய்துகொண்டார்கள்.

சாப்பாட்டுக்கு முன்னால் கோயில்களைப் பார்த்தோம். பக்கத்தில் மலை கிடையாது, நல்ல கல் கிடையாது. இருந்தது மண். அதைக் குழைத்து, செதுக்கி, சுட்டு, ஒரு விரற்கடை விடாமல் சுவர் முழுக்கப் பதித்திருக்கிறார்கள். படகு போகிறது, புலி வேட்டை நடக்கிறது, ஒருத்தி கண்ணாடி பார்க்கிறாள், யாரோ ஒருவர் ஹூக்கா பிடிக்கிறார். எங்கள் பக்கத்துக் கோயிலில் சிற்பம் என்றால் அண்ணாந்து பார்க்க வேண்டும், பார்த்ததும் கை தானாகக் குவியும். இங்கே எல்லாம் உள்ளங்கை அளவு. குனிந்து, நெருங்கி, பக்கத்து வீட்டு விவகாரத்தைப் பார்க்கிற மாதிரிப் பார்க்கலாம். எனக்கு இது ரொம்பப் பிடித்தது. இவர் தொல்லியல் துறைப் பலகையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தார். கோயிலைப் பார்த்தாரா என்பது சந்தேகம்.

ஒரு சுவரில் பல்லக்கு ஒன்று போய்க்கொண்டிருந்தது. உள்ளே மணப்பெண் என்று பையன் காட்டினான். மகள் அதைத் தொட்டுப் பார்க்கப் போனாள், தொடக் கூடாது என்று காவலாளி விசில் ஊதினார். அவள் கையை இழுத்துக்கொண்டு சிரித்தாள். மார்கழி வெயில் அவள் முகத்தில் பட்டது. இந்தப் பெண் எனக்குப் பிறந்தவளா என்று தோன்றுகிற அளவுக்கு அழகாக இருந்தாள். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டேன். பெற்றவள் கண்தான் முதலில் படும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள்.

வீடு கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்தது. பையனின் அம்மா குள்ளம், சுறுசுறுப்பு, வாய் ஓயாத பேச்சு. என்னைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு திதி, அதாவது அக்கா, என்றார். நாங்கள் சைவம் என்று தெரிந்து மீனை அன்றைக்கு வீட்டுக்குள்ளேயே விடவில்லை. சோம்பு தாளித்த உளுத்தம் பருப்பு, கசகசா அரைத்துப் போட்ட உருளைக்கிழங்கு போஸ்தோ, கத்தரிக்காய் வறுவல், தக்காளிச் சட்னி. உளுந்தை இட்லிக்கும் வடைக்குமே தெரிந்த எனக்கு அதைக் குழம்பாக ஊற்றிச் சாப்பிட்டது புதுசு. நன்றாகவே இருந்தது. மார்கழி, பௌஷ் எல்லாம் மறந்து எல்லோரும் கல்யாணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டோம். காலையில் உங்கள் முறை, சாயங்காலம் எங்கள் முறை, கொல்கத்தாவிலேயே ஒரே மண்டபம் என்று அவர்களே சொன்னார்கள். எனக்கு வயிறும் மனசும் நிறைந்துபோயிற்று.

அப்போதுதான் அந்த அம்மா போஸ்தோக் கரண்டியோடு என் பக்கம் குனிந்து சொன்னார்.

"உங்களுக்குத்தான் திதி அன்னிக்குப் பொழுது போகாது. காலையில இருந்து ராத்திரி வரைக்கும் உள்ள உக்காந்திருக்கணும். நானாவது இங்க என் வீட்டுல படுத்துத் தூங்குவேன்."

எனக்குப் புரியவில்லை. ஏன் உள்ளே உட்கார வேண்டும் என்று கேட்டேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். இவ்வளவு வருடம் வங்காளத்தில் இருந்துவிட்டு இது தெரியாதா என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். பிள்ளையின் கல்யாணத்தை அம்மா பார்க்கக் கூடாது. பெண்ணைப் பெற்றவளும் பார்க்கக் கூடாது, பையனைப் பெற்றவளும் பார்க்கக் கூடாது. பார்த்தால் பிள்ளைக்கு ஆகாது. பையன் மணமேடைக்குப் புறப்படும்போது எங்கே போகிறாய் என்று அம்மா கேட்பாளாம், உனக்கு ஒரு வேலைக்காரி கொண்டுவரப் போகிறேன் என்று அவன் சொல்வானாம். அதோடு அவள் வேலை முடிந்தது. இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார்.

எத்தனையோ வங்காளிக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன். கவரைக் கொடுத்துவிட்டு, காய்கறி சாப், அதாவது அவர்கள் ஊர் போண்டா, எங்கே இருக்கிறது என்று தேடிவிட்டு வந்திருக்கிறேன். பெண்ணின் அம்மா எங்கே என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. இப்போது மகளைப் பார்த்தேன். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்து, என்னைக் கேட்காமலே இவர்களிடம் சம்மதமும் சொல்லியிருக்கிறாள். வேலைக்காரியைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன், இதை முடியாது. காது மடல் சூடாகிற அளவுக்குக் கோபம் வந்தது.

ஆனால் வந்த வீட்டில் முகத்தைச் சுளிக்க முடியுமா? சிரித்த முகத்தோடு, சமையலைப் பாராட்டுகிற குரலில், தமிழில் கேட்டேன்.

"ஒனக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும்மா."

"காலையிலயுமா நான் பாக்கக் கூடாது?"

"காலையில, சாயங்காலம் ரெண்டும்தான். வீட்டுக்குப் போய்ப் பேசலாம்மா, ப்ளீஸ்."

"இங்க பேசினா என்ன, இவுகளுக்குப் புரியவா போகுது? நான் பாக்காம ஒனக்குக் கல்யாணம் நடக்காது. எளுதி வச்சுக்கோ."

"ஏளா, மொதல்ல சாப்பிடு," என்றார் இவர்.

பையனின் அம்மா நான் போஸ்தோவைப் புகழ்கிறேன் என்று நினைத்து இன்னொரு கரண்டி போட்டார். மேசையின் அந்தப் பக்கம் பையனின் கை மட்டும் தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது. மகள் அவனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள் என்பதை நான் மறந்தே போனேன். சாப்பிட்டு முடித்ததும் அவன், ஊருக்கு வெளியே ஈச்ச வெல்லம் காய்ச்சுகிறார்கள், ஆன்ட்டிக்குக் காட்டலாம் என்று அம்மாவிடம் சொல்லி எல்லோரையும் டோட்டோவில் ஏற்றினான்.

ஊர் எல்லையில் ராஜாக்கள் வெட்டிய பெரிய ஏரி இருந்தது. அப்பாக்கள் இரண்டு பேரும் அங்கே இறங்கிக்கொண்டார்கள். செம்மண் ரோட்டில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் சால் காட்டின் ஓரம், வயல் நடுவே ஒரு கொட்டகை. ஈச்ச மரங்களின் கழுத்தில் பானை கட்டியிருந்தது. அகலமான தகரத் தட்டில் பதநீர் கொதித்துக்கொண்டிருந்தது. பையன் எனக்கும் அவன் அம்மாவுக்கும் சாக்கு விரித்து உட்கார வைத்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு கடுகு வயல் பக்கம் நடந்து போய்விட்டான். வேண்டுமென்றேதான் செய்தான்.

வெல்லம் காய்கிற வாசனை எனக்குப் பழக்கமானது. எங்கள் பக்கத்துக் கருப்பட்டிக் காய்ச்சலின் தங்கை மாதிரி இருந்தது. அதனால்தானோ என்னவோ கோபம் கொஞ்சம் இறங்கியது. அடக்கி வைத்துக்கொண்டு என்ன ஆகப்போகிறது என்று நேராகவே கேட்டேன்.

"திதி, பார்த்தா என்னதான் ஆகும்?"

"தெரியாது."

"தெரியாதத நம்பி நான் உள்ள உக்காரணுமா?"

அவர் கோபப்படவில்லை. ஒரு வைக்கோலை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"தெரியாதுதான். ஆனா நான் பார்த்து, அப்புறம் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, ஏன் ஆச்சுன்னு எனக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் நான் எப்படி இருப்பேன்?"

தாய்க்கண் பொல்லாதது என்று நம்புகிறவள்தானே நானும்? காலையில்தான் மகள் முகத்திலிருந்து கண்ணைத் திருப்பிக்கொண்டேன். ஒரே பயம், கை வைத்தியம்தான் வேறு. நாங்கள் பிள்ளையின் கன்னத்தில் மை வைக்கிறோம். இவர்கள் அம்மாவை அறைக்குள் வைக்கிறார்கள்.

உங்கள் முறையில் அம்மா என்ன செய்வாள் என்று அவர் கேட்டார். தாரை வார்ப்பதைச் சொன்னேன். எழுந்து நின்று, கையைக் குவித்து, தண்ணீர் எப்படி விழும் என்று காட்டியும் விட்டேன். வெல்லம் காய்ச்சுகிறவர் கிளறுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்தது. இதற்காகத்தான் நான் இந்த ஊருக்கு வந்தேன், இது கிடைக்காது என்றால் எனக்குத் தாங்காது என்றும் சொல்லிவிட்டேன். ஊர் பார்க்க வந்தவள் பேசுகிற பேச்சா அது?

அவர் விரலில் சுற்றிய வைக்கோலை அவிழ்த்துப் போட்டார். பிறகு பெரிய மகனைப் பற்றிச் சொன்னார். அவன் கல்யாணமாகி துர்காபூரில் இருக்கிறான். கல்யாணத்தன்று அந்த அம்மா வீட்டிலேயே இருந்தார். கொஞ்ச நாள் கழித்து மருமகள் ஃபோனில் வீடியோ காட்டினாள்.

"மாலை மாத்துறதுக்கு முன்னாடி அவன் தலையத் தூக்கி யாரையோ தேடுறான். அப்பா நிக்கிறார், மாமா நிக்கிறார், ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இருக்காங்க. இருந்தும் தேடுறான். நான் ஃபோனைத் திருப்பிக் கொடுத்துட்டேன். மீதிய இன்னிக்கு வரைக்கும் பாக்கல."

"யாரைத் தேடினான்னு அவங்கிட்ட கேட்டீங்களா?"

"எதுக்குத் திதி கேக்கணும்?"

அவர் அழவில்லை. எனக்குத்தான் மறுபடியும் கண் நிறைந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அவர் முகத்துக்கு எதிரே சிரித்துக்கொண்டே தமிழில் திட்டியது உறுத்தியது. சூடான வெல்லத்தை இலையில் வைத்துக் கொடுத்தார்கள். இரண்டு பேரும் விரலைச் சுட்டுக்கொண்டு தின்றோம்.

தின்று முடித்ததும் தீர்மானம் ஆனது. காலையில் நடப்பது எங்கள் சாஸ்திரம், அதற்கு அவர்கள் விதி செல்லாது. நான் தாரை வார்ப்பேன், எல்லாம் பார்ப்பேன். சாயங்காலம் நடப்பது அவர்கள் சாஸ்திரம். நான் உள்ளறையில் உட்கார்ந்துகொள்வேன், கதவுச் சந்தில்கூட எட்டிப் பார்க்க மாட்டேன். அவராகத்தான் இதைச் சொன்னார். சொல்லிவிட்டு இரண்டு கையையும் நெற்றியில் வைத்துச் சாமியைக் கும்பிட்டுக்கொண்டார். பெரிய மனசு என்று சொல்வார்களே, அது இப்படித்தான் பயந்துகொண்டே வரும்போல.

ரயிலடிக்கு அவரும் வந்தார். நாங்கள் ஏறுவதற்கு முன் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய்க் கேட்டார்.

"உங்க முறையில பையனோட அம்மா எங்க இருப்பா?"

"மேடையில, பையன் பக்கத்துல நிக்கணும். நீங்க இல்லாம ஆரம்பிக்கவே மாட்டாங்க."

ரயில் நகர்கிறவரை ஜன்னல் வழியாக அவர் என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

திரும்பும்போது வெளியே இருட்டிவிட்டது. இவர் எதிர் சீட்டில் தூங்கிப்போனார். நான் மகளிடம் மெதுவாகத்தான் கேட்டேன். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எப்படிச் சம்மதம் சொன்னாய்?

"கேட்டா நீ ஒத்துக்க மாட்டே."

"அதான் ஏன்னு கேக்கேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தமிழில் ஆரம்பித்து, வார்த்தை கிடைக்காமல் பாதியில் வங்காளத்துக்கு மாறிச் சொன்னாள். "நாளைக்கு எனக்கோ அவனுக்கோ ஒரு காய்ச்சல் வந்தாலும் 'அம்மா பாத்துட்டா, அதான்'னு யாராவது சொல்லுவாங்க. உன்னச் சொன்னா எனக்குத் தாங்காது. நீ பாக்காம இருந்தா அழுதுட்டு விட்டுருவேன். உன்னக் குத்தம் சொன்னா, சொன்னவங்கள விட மாட்டேன்."

நான் அவள் தலையை இழுத்து என் தோளில் வைத்துக்கொண்டேன். அவளிடம் கோபப்பட எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. ஹவுரா வருகிறவரை அப்படியே இருந்தோம்.

மாசியில் கல்யாணம். கொல்கத்தாவில் நல்ல நாதஸ்வரக்காரர்கள் அன்றைக்குக் கிடைக்கவில்லை, மேளம் ஒலிபெருக்கியில்தான். முதல் நாள் ராத்திரி வேனில் பிஷ்ணுபூர்க்காரர்கள் வந்து இறங்கினார்கள். கடைசியாக அந்த அம்மாவும் இறங்கினார். வருகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லையாம், வேன் கிளம்பும்போது பையோடு வந்து உட்கார்ந்துவிட்டாராம். அவர்கள் சொந்தக்காரர்கள் சிலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். காலையில் அவரை நானே மேடையேற்றிப் பையன் பக்கத்தில் நிறுத்தினேன். சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவை. முந்தானையால் தலையை மூடியிருந்தார்.

நான் தாரை வார்த்தேன். மகள் கை சில்லென்று இருந்தது. இவர் அழுதார், நான் அழவில்லை. ஒரு சொட்டு விடாமல் பார்த்தேன். தண்ணீர் மூன்று கைகளின் மேலும் விழுந்து தட்டில் வழிந்ததைப் பார்த்தேன். இதற்காக நான் சண்டை போட்டது வீண் இல்லை என்று தோன்றியது.

ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்தார். கெட்டிமேளம் காதைப் பிளந்தது. எல்லோரும் அட்சதையை ஓங்கினார்கள். அப்போது தற்செயலாக அந்தப் பக்கம் பார்த்தேன். பையனின் அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார். உதடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அவ்வளவு தூரம் வந்துவிட்டார், அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

நான் என் இடத்தை விட்டு மணவறையைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். பெண்ணின் அம்மா எங்கே போகிறாள் என்று யாரோ கேட்டார்கள். அவர் தோளைப் பிடித்து, மேளத்துக்கு மேலே கேட்கும்படி, அவர் காதில் வங்காளத்தில் கத்தினேன். காதால் கேட்கக் கூடாது என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லையே.

"திதி, உங்க பையன் தாலியைக் கையில வாங்கிட்டான். என் பொண்ணு தலையக் குனிஞ்சிருக்கா. கழுத்தைச் சுத்திக் கொண்டுபோறான். அவன் உங்களத் தேடல, நீங்க பக்கத்துல நிக்கிறது அவனுக்குத் தெரியும். முதல் முடிச்சுப் போட்டுட்டான்."

மூடிய இமைக்கு அடியிலிருந்து கண்ணீர் வந்தது. அவர் கை என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்துக்கொண்டது. பையனுக்கு அக்கா தங்கை இல்லாததால் மூன்று முடிச்சையும் அவனே போட வேண்டும். ரெண்டாவது, என்றேன். மேலே அட்சதை விழுந்தது. மூணாவது, ஆயிடுச்சு, என்றேன். அவர் கண்ணைத் திறக்காமலே தலையை நிமிர்த்திக் குலவையிட்டார்.

அந்த மூன்றாவது முடிச்சை நான் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.